ஜிதே-சாயில் யாரும் வசிக்கவில்லை

வியாழக்கிழமை காலை என் தம்பி உலார் போன் செய்தபோது, நான் அலுவலக அடுப்பைப் பற்றவைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன். ஏப்ரல் மாதம். பதினொரு நாளாக விடாத மழை. கரியெல்லாம் நனைந்து கிடந்தது. அந்த எரிச்சலோடுதான் போனை எடுத்தேன்.

"என்னடா?"

"அக்கா, மேல சரிவுல விரிசல் விட்டிருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"நேத்து கன்னுக்குட்டி கால் மாட்டிக்கிச்சு. இன்னிக்குக் கன்னுக்குட்டியே உள்ள போயிடும் போலிருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அப்படித்தான், அப்பா செத்த அன்றைக்கும் எதையோ சொல்லிச் சிரித்தவன்.

"சிரிக்காதடா, செருப்பால அடிப்பேன். ரோடு எப்படி இருக்கு?"

"ரோடா? அது எங்க இருக்கு? ஓடை வழியா சேறு இறங்கி மூணு இடத்துல மூடிக்கிச்சு. மனுசன் முகட்டு மேல ஏறிப் போயிடலாம். மாடு கன்னை எப்படி ஏத்துறது? மண்ணு தள்ளுற மெஷின் வந்தாத்தான் லாரி வரும். நீ பெரிய அதிகாரி ஆச்சே, அனுப்பேன்."

பெரிய அதிகாரி! என் பெயர் கனிஷாய். இருபத்திரண்டு வருடமாகக் கிராம அலுவலகச் செயலாளர். ஆறு ஊருக்கும் சேர்த்து ஒரே வட்ட முத்திரை, அது என் இரும்புப் பெட்டியில். அவ்வளவுதான் என் அதிகாரம்.

போனை வைத்ததும் பயந்துபோனேன். மலை சரியப் போகிறதே என்று மட்டும் இல்லை. உலார் இருக்கும் ஜிதே-சாய் என்று ஓர் ஊரே கிடையாது. அதை இல்லாமல் ஆக்கியவள் நான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனத்தில் மூத்த பிள்ளைகள் கல்யாணம் முடிந்ததும் பங்கை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடுவார்கள். அப்பா வீடும் அடுப்பும் கடைக்குட்டிப் பையனுக்கு. அவன் அந்த வீட்டை விட்டு நகர்ந்தால், அப்பன் அடுப்பை அணைத்தவன் என்று சாகிற வரைக்கும் பேச்சு. நான்கு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் ஜிதே-சாயை மண்சரிவு அபாய இடம் என்று அறிவித்து, அங்கிருந்த பதினான்கு குடும்பங்களுக்கும் சமவெளியில் மனை கொடுத்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு சாண் சமநிலம் கிடையாது. அதனால் பக்கத்து மாவட்டத்தில் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, பழைய வீட்டை இடித்திருக்க வேண்டும், அங்கே யாரும் வசிக்கவில்லை என்று கிராம அலுவலகம் சான்று தர வேண்டும்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? புது மனையை மூத்தவனுக்குக் கொடுத்தார்கள், கடைக்குட்டியைப் பழைய வீட்டிலேயே விட்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அரசாங்கச் செலவிலேயே முடிந்துவிட்டது என்று அன்றைக்கு ஒரே பெருமை. கோழிக்கூண்டுச் சுவரை இடித்து, இடிந்த வீடு என்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். பதினான்கு சான்றையும் எழுதி முத்திரை குத்தினேன். அதில் ஒன்று எங்கள் அப்பா வீட்டுக்கு. மனை என் பெரிய தம்பி குபாத்துக்குப் போனது, பழைய வீடு கடைக்குட்டி உலாருக்கு நின்றது.

சான்றுகள் மாவட்டத்துக்குப் போயின. அங்கிருந்து மாகாணத்துக்கு, அங்கிருந்து தலைநகரத்துக்கு. ஒரு வருடம் கழித்து அதே படிக்கட்டு வழியாக ஒற்றை வரி இறங்கி வந்தது. மக்கள் வாழும் இடங்களின் பட்டியலிலிருந்து ஜிதே-சாய் நீக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நர்ஸைத் திரும்ப அழைத்தார்கள். பனிக்காலத்தில் ரோட்டுப் பனியைத் தள்ள வருகிற மெஷின் நின்றுபோனது. மின்கம்பியை வெட்ட மட்டும் மறந்துவிட்டார்கள். உலாரின் மூன்று பிள்ளைகளும் படிப்புக்காகக் குபாத் வீட்டில் தங்கினார்கள். மலையில் உலாரும் அவன் மனைவி துர்சுனாயும் எட்டு மாடும் முப்பது ஆடும்.

அடுப்பை அப்படியே போட்டுவிட்டு எங்கள் கிராமத் தலைவர் தூலத்தின் அறைக்கு ஓடினேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"ஏம்மா, ஊரே இல்லாத இடத்துல மலை எப்படிம்மா சரியும்?" என்றார்.

"தலைவரே, மலைக்கு நம்ம பட்டியல் தெரியாது."

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருசம்தான் இருக்கு கனிஷாய். அந்தப் பதினாலு தாள்லயும் உன் கையெழுத்துக்கு மேல என் கையெழுத்து. நீ போ, வாய்வார்த்தையா கேட்டுப் பாரு. எழுத்துல மட்டும் எதையும் கொடுத்துடாத."

அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாவட்டத் தலைநகருக்கு இரண்டு மணி நேரம் பஸ். அவசரகாலப் பிரிவில் ஒரு மேஜர் இருந்தார், நல்ல மனிதர். சொன்னதும் சுவரில் இருந்த பெரிய வரைபடத்துக்கு எழுந்து போனார். விரலால் ஓடையைப் பிடித்து மேலே மேலே போய், ஒரு வெற்றிடத்தில் நிறுத்தினார்.

"இங்க ஒண்ணும் இல்லையேக்கா."

"பதினாலு வீடு இருக்கு."

"சத்தமாச் சொல்லாதீங்க." கதவைச் சாத்தினார். "பட்டியல்ல இருக்கிற ஊருன்னா ஒரே போன்ல மெஷின் அனுப்பிடுவேன். இல்லாத ஊருக்கு என்னத்தைன்னு எழுதி அனுப்புறது? அந்த ஆளுங்க எங்க பதிவாகி இருக்காங்க?"

"பக்கத்து மாவட்டத்துல. புதுக்குடியிருப்புல."

அவர் என் எதிரிலேயே பக்கத்து மாவட்டத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. "ஆளுங்க எங்க ஆளுங்கதான். ஆனா மலை எங்க மலை இல்லையே தம்பி, அது உங்க மலை." அடுத்து மாகாணத்துக்குப் போட்டார். எதுவானாலும் ஆகிமின், அதாவது மாவட்ட நிர்வாகத் தலைவரின், கையெழுத்தோடு வரட்டும் என்று வைத்துவிட்டார்கள். மேஜர் கையை விரித்தார். அன்றைக்கு ஆகிம் ஊரில் இல்லை. நாள் அப்படியே போனது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ராஜினாமா கடிதத்தைக் கொண்டுபோய் எவன் மேசையிலாவது வீசி, கத்தி, கூட்டத்தைக் கூட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நாளைக்கு வருகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆகிமின் அறைக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது குபாத் போன் செய்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, எழுதித் தரப் போறியாமே?"

"உலார் மலையில இருக்கான்டா."

"இருக்கான். முகட்டு மேல ஏறி வரச் சொல்லு. கால் இருக்குல்ல? நீ எழுதினா மனையைப் பிடுங்கிடுவாங்க. கட்டின வீட்டோட பிடுங்குவாங்க. எனக்கு நாலு பிள்ளை, அவனோடது மூணு. ஏழையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது? உன் ஆபீஸ்லயா?"

"மாட்டை விட்டுட்டு வரமாட்டான்டா அவன்."

"அப்ப மாட்டோட இருக்கட்டும்!" என்று கத்தினான். பிறகு அழுதான். குபாத் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆகிம் என்னைவிடச் சின்னவர், நாற்பது இருக்கும். அவரே கோப்பையில் டீ ஊற்றிக் கொடுத்தார். முழுசாகக் கேட்டார்.

"அக்கா, நீங்க வாயால சொன்னதை நான் கேட்கலைன்னு வச்சுக்கலாம். டீ குடிச்சுட்டுப் போகலாம். எழுதிக் கொடுத்தா நான் மெஷின் அனுப்புவேன், லாரி அனுப்புவேன். ஆனா அந்தத் தாள் அதோட நிக்காது. பொய்ச் சான்று கொடுத்ததுக்கு உங்க மேல வழக்கு வரும். பதினாலு மனையும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சுங்க ஐயா. தாள் கொடுங்க."

எழுதினேன். ஜிதே-சாயில் பதினான்கு வீடுகளில் முப்பத்தொரு பேர் வசிக்கிறார்கள். முன்பு நான் கொடுத்த சான்றுகள் உண்மையல்ல. சரிவில் விரிசல் கண்டிருக்கிறது. ஆகிம் படித்தார், தாளின் மூலையில் பச்சைப் பேனாவால் சாய்வாக எழுதினார். ஒரு மெஷின், ஒரு லாரி, நாளை காலை ஆறு மணிக்கு. கையெழுத்துப் போட்டார். வெளியே இருந்த பெண் அதற்கு முந்நூற்றுப் பதினேழு என்று எண் கொடுத்து, மூன்று நகல் எடுத்தாள். யா அல்லா, அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! இருபத்திரண்டு வருடம் தாளோடு வாழ்ந்தவளுக்கு அதுதான் தெரியும். எண் விழுந்தால் வேலை நடக்கும்.

படியில் நின்றபடியே உலாருக்குப் போன் செய்தேன். மணி நான்கு.

"உத்தரவு ஆயிடுச்சுடா. ஆகிமே கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அட! எங்க அக்கான்னா சும்மாவா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இங்க எல்லாரும் விடியக்காலையில முகட்டு வழியாக் கிளம்புறாங்க. மாட்டை அவிழ்த்து விட்டுட்டுப் போறாங்களாம். துர்சுவும் போகலாங்கிறா. நீ என்ன சொல்ற? கிளம்பட்டுமா?"

கிளம்பு என்று ஒரு வார்த்தை. என் வாயில் அது வரவில்லை.

"எதுக்குடா? மழையில முகட்டுப் பாதை வழுக்கும். ஆறு மணிக்கு மெஷின் கிளம்புது, ஒன்பதுக்கெல்லாம் ரோடு திறந்துடும். மாடு கன்னோட லாரியில ஏறி வா. இவ்வளவு நாள் இருந்துட்ட, இன்னும் ஒரு காலைதானே."

"சரிக்கா. நீ சொன்னா சரி."

சனிக்கிழமை ஐந்தரைக்கே சாலைப் பணிமனையில் நின்றேன். மெஷின் நின்றது. ஜெங்கிஷ் என்கிற ஓட்டுநர் வண்டியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் பணிமனைப் பொறுப்பாளர் ரிஸ்பெக். ஆகிமின் உத்தரவு அவர் மேசையில்தான் இருந்தது, பச்சைக் கையெழுத்தோடு.

"உத்தரவு சரிதாம்மா. வண்டி கிளம்ப கம்ப்யூட்டர்ல பயணச்சீட்டு போடணும். போகிற ஊர் பேரைப் பட்டியல்ல இருந்துதான் எடுக்கும். இங்க பாருங்க, ஜிதே-சாய்னு அடிச்சா வரலை."

"வேற ஊர் பேரைப் போடுங்க!"

"கடைசி ஊரு பதினெட்டு கிலோமீட்டர் இந்தப் பக்கமே முடிஞ்சிடுது. அதுவரைக்கும்தான் டீசல் விழும். மிச்சத்துக்கு?"

"ஆகிம் கையெழுத்து போட்டிருக்காரே மனுசா!"

"ஆகிம் தாள்ல போடுவாரு. பட்டியல் மாகாணத்துல இருக்கு. இன்னிக்குச் சனிக்கிழமை, அங்க யாரும் போன் எடுக்க மாட்டாங்க." அவரும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். மூன்று தடவை போன் போட்டுப் பார்த்தார். போன வருடம் சீட்டு இல்லாமல் வண்டி அனுப்பியவர் வேலை போய் இப்போது ஆடு மேய்க்கிறார் என்று முணுமுணுத்தார்.

நான் கத்தினேன். மேசையைத் தட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஏழரை ஆனது. உலாருக்குப் போன் போட்டேன், சிக்னல் இல்லை. வைக்கோல் கொட்டகைக் கூரையில் ஏறினால்தான் அங்கே போன் கிடைக்கும், அவன் கீழே மாட்டோடு இருந்திருப்பான். எட்டு மணிக்கு ஜெங்கிஷ் உள்ளே வந்தான்.

"இந்த அக்கா கத்துறதைப் பார்க்க முடியலை அண்ணே. சீட்டை அந்தக் கடைசி ஊருக்கே போடுங்க. மிச்ச டீசலை என் வீட்டு டிராக்டர்ல இருந்து இறக்கிக்கிறேன். கேட்டா, வழி தப்பிப் போயிட்டேன்னு சொல்லிடுறேன்."

அவன் வீட்டுக்குப் போய், டிராக்டரிலிருந்து ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, வாயெல்லாம் டீசலாக அவன் துப்பித் துப்பிக் கேனில் நிரப்பினான். கிளம்பும்போது மணி ஒன்பதே கால். மெஷினில் அவன் பக்கத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளத்தாக்கின் வாயை நெருங்கும்போது பதினொன்றரை. முதல் சேற்றைத் தள்ளத் தொடங்கிய நேரம், முகட்டுப் பக்கமிருந்து ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. முதுகில் மூட்டை, கையில் பிள்ளைகள். ஒவ்வொருவராக எண்ணினேன். துர்சுனாய் வந்தாள். உலார் வரவில்லை.

"அவன் எங்க?"

அவள் மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். "முகட்டுல நின்னு பார்த்தோம்மா. பத்துக்கு இருபது நிமிசம் இருக்கும். மலை அப்படியே உட்கார்ந்துடுச்சு. சத்தம் அப்புறமாத்தான் வந்துச்சு. ஒரு வீடும் இல்ல இப்ப."

நான் மெஷினைத் தட்டினேன், தள்ளு தள்ளு என்றேன். ஜெங்கிஷ் தள்ளினான். இருட்டும்வரை தள்ளினான், மறுநாளும் தள்ளினான். ஒரு தடவை இஞ்சினை நிறுத்திவிட்டு, "அக்கா, ஆறு மணிக்கே கிளம்பியிருந்தா ஒன்பதே முக்காலுக்கு நானும் லாரிக்காரனும் உங்க தம்பியும் சேர்ந்து உள்ள கிடப்போம்" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். எனக்கு அது ஆறுதலாக இல்லை. விடியக்காலையில் துர்சுனாயோடு ஏறியிருந்தால் உலார் இருந்திருப்பான். இதில் மெஷினுக்கு என்ன வேலை?

ஞாயிறு மாலை தொழுவத்தில் கிடைத்தான். எட்டு மாடும் அவனைச் சுற்றி.

கடைக்குட்டியின் சவம் அப்பா வீட்டிலிருந்துதான் போக வேண்டும். அந்த வீடு மண்ணுக்கடியில் கிடந்தது. சமவெளியில் குபாத் வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டோம். பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்தோம். ஆண்கள் வாசலில் கம்பில் சாய்ந்து ஓவென்று அழுதார்கள். ஆகிமும் வந்தார், வாசலில் நின்று மற்றவர்களைப் போலவே வாய்விட்டு அழுதார். பொய் அழுகை இல்லை, கண் சிவந்திருந்தது. போகும்போது என்னைக் குதிரை கட்டுகிற பக்கம் அழைத்துப் போய், சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த தாள்.

"இது எங்கிட்ட வரவே இல்லைக்கா. முந்நூற்றுப் பதினேழுல இப்ப ஒரு பள்ளிக்கூடக் கூரை மனு இருக்கு. உங்க மேல ஒண்ணும் வராது. மனை எல்லாம் அப்படியே இருக்கும்."

"உங்க மேலயும் ஒண்ணும் வராது" என்றேன்.

"ஆமா. என் மேலயும் வராது." தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மாகாணத்திலிருந்து தலைநகரத்துக்குப் போன அறிக்கையின் நகல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. மக்கள் வசிக்காத பகுதியில் மண்சரிவு, ஆள்சேதம் இல்லை. தூலத் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை குபாத்தும் துர்சுனாயும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இறப்புச் சான்றுக்கு. உலாரின் பிறப்புப் பதிவு எங்கள் ஏட்டில் இருப்பதால் நான்தான் எழுத வேண்டும். பெயர், பிறந்த வருடம், இறந்த தேதி எல்லாம் எழுதினேன். இறந்த இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என் வீட்டுத் தொழுவம் சரிஞ்சு விழுந்துதுன்னு எழுதுக்கா" என்றான் குபாத். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"பதிமூணு குடும்பம் கண்ணால பார்த்திருக்குடா."

"பதிமூணு குடும்பத்துக்கும் மனை இருக்கு. எவன் வாயைத் திறப்பான்?"

நான் துர்சுனாயைப் பார்த்தேன். முகம் வீங்கி, ஒப்பாரியில் கன்னத்தைக் கீறிக்கொண்ட நகத்தடம் இன்னும் ஆறாமல் இருந்தது. "நீ சொல்லும்மா. நீ வேண்டாம்னா எழுத மாட்டேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

"எழுதுங்க அண்ணி. பிள்ளைங்க மூணும் அந்த வீட்டுலதான் படுக்குதுங்க."

எழுதினேன். முத்திரை குத்தினேன். குபாத் வெளியே போய்விட்டான், புகைபிடிக்க. தாளை அவள் பக்கம் தள்ளும்போது எனக்குத் தாங்கவில்லை.

"துர்சு, அவனை இருக்கச் சொன்னது நான்தான். கிளம்பட்டுமான்னு கேட்டான். நான்தான் இருடான்னேன்."

"தெரியும் அண்ணி. கூரை மேல நின்னு போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு, நான் கீழதான் நின்னேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சாயங்காலம் பூரா அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அக்கா கையெழுத்து வாங்கிட்டா, இனிமே மெஷின் வராம இருக்காதுன்னு. லாரி வந்ததும் ஏத்தணும்னு எட்டு மாட்டையும் வரிசையாக் கட்டினாரு. வாங்க போயிடலாம்னு காலைப் பிடிச்சேன். எங்க அக்காவை நம்பமாட்டியான்னு கேட்டாரு. நான் நம்பலை அண்ணி. அதான் ஏறிட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சான்றை நான்காக மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். சமவெளிக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள்.

மூணு மணிக்கு என்றேன்.